தறியில் உட்காருவதற்கு முன்

கரூரில் வீட்டு உபயோகத் துணிகளை ஏற்றுமதி செய்யும் ஒரு யூனிட்டில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. சமையலறைத் துண்டு, மேசை நாப்கின், ஏப்ரன், தலையணை உறை என்று எல்லாமே அன்றாடம் புழங்குகிற சாமான்கள். பட்டு இல்லை, ஜரிகை இல்லை. புதிதாகச் சேரும் பிள்ளைகள் இரண்டு நாள் பார்த்துவிட்டு, "இதுல என்னங்க சார் பாக்கறதுக்கு இருக்கு, வெறும் துண்டுதானே?" என்பார்கள்.

வெறும் துண்டாக இருப்பதுதான் சிக்கலே. பூவும் கொடியுமாக ஜக்கார்டில் நெய்த துணியில் ஓர் இழை விட்டுப்போனால் அது பூவுக்குள் மறைந்துகொள்ளும். ஒரே நிறத்தில், ஒன்று விட்டு ஒன்று மேலும் கீழுமாகப் பின்னிய சாதாத் துணியில் நீளவாட்டில் ஓடும் பாவு இழை ஒன்று அறுந்துபோனால், டியூப் லைட் வெளிச்சத்தில் பத்தடி தள்ளி நின்றாலே கோடு போட்டதுபோல் தெரியும். துணி எவ்வளவு எளியதோ, தப்பை ஒளித்துவைக்க அவ்வளவு குறைவான இடம்.

என் அக்கா மகன் ஒருவன் ஜவுளித் தொழில் பயிற்சி வகுப்பு ஒன்றில் சேர்ந்தான். அங்கே கொடுத்த கையேட்டைக் கொண்டுவந்து காட்டினான். முதல் பாடமே இயந்திரத்தை எப்படி இயக்குவது என்று ஆரம்பித்தது. சுவிட்ச், பாதுகாப்பு, எண்ணெய் விடுவது, நிறுத்துவது எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தார்கள். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் சென்னிமலைப் பக்கம் தறி ஓடுகிற வீட்டில் வளர்ந்த எனக்கு அதைப் படித்ததும், சோறு வெந்த பிறகு சமையல் பாடம் ஆரம்பிக்கிற மாதிரி இருந்தது. ஒரு துணி நன்றாக வருமா வராதா என்பதில் முக்கால்வாசி, தறியில் ஆள் உட்காருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அதைத்தான் அவனிடம் சொல்ல ஆரம்பித்தேன். நீண்டுவிட்டது. சரி, எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் கணக்கு. எங்கள் அப்புச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற தாத்தா, மூன்றாவது வரைக்கும்தான் படித்தவர். ஆனால் ஒரு துண்டுக்கு எவ்வளவு நூல் போகும் என்று கேட்டால் பீடியைப் பற்றவைப்பதற்குள் சொல்லிவிடுவார். அந்தக் கணக்கு இப்படிப் போகும். நூலில் ஒரு கழி என்பது 840 கஜம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை கழி நிற்கிறதோ, அதுதான் நூலின் நம்பர். 20-ஆம் நம்பர் என்றால் பவுண்டுக்கு 20 கழி, 40 என்றால் 40 கழி. நம்பர் ஏற ஏற நூல் சன்னமாகும். கைத்தறிக்கு வரும் ஒரு நூல்கட்டு பத்துப் பவுண்டு, நம் எடையில் 4.54 கிலோ. அப்படியானால் 20-ஆம் நம்பர் கட்டில் 200 கழி இருந்தாக வேண்டும். கட்டைப் பிரித்ததும் கழியை எண்ணுவதும், தராசில் வைப்பதும் நூல் வாங்குகிறவர் செய்யவேண்டிய முதல் வேலை. எண்ணிக்கை சரியாக இருந்து எடை ஏறினால் நூல் சொன்ன நம்பரைவிடத் தடி. எடை சரியாக இருந்து கழி குறைந்தாலும் அதே கதைதான். எடை நூலின் ஈரத்தாலும் ஏறும் என்பதால் மழைக்காலத்தில் அப்புச்சி கழியைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்.

அடுத்தது அச்சு. பாவு இழைகளைச் சீராகப் பிரித்து நிறுத்தும் சீப்பு அது. 44-ஆம் நம்பர் அச்சில் இரண்டு அங்குலத்துக்கு 44 பல். பல்லுக்கு இரண்டு இழை கோத்தால் அங்குலத்துக்கு 44 இழை என்று கணக்கு தானாக வந்து நிற்கும். தறியில் 30 அங்குல அகலம் வைத்தால் பாவில் 1,320 இழை. 60 அங்குலத் துண்டு ஒன்றுக்கு, குறுக்கே போகும் ஊடை இழைக்கு மேலும் கீழும் வளைந்து போவதால் பாவு கொஞ்சம் சுருங்கும் என்பதையும் சேர்த்து, 64 அங்குலப் பாவு வேண்டும். 20-ஆம் நம்பர் நூலில் இது ஏறக்குறைய 63 கிராம். ஊடை அங்குலத்துக்கு 40 என்றால் துண்டுக்கு 2,400 முறை, ஊடைநூலைக் கொண்டுபோகும் நாடா குறுக்கே போக வேண்டும். அதற்கு 2,000 கஜம், சுமார் 54 கிராம். ஆக, துண்டு 117 கிராம். தறியிலிருந்து இறக்கி அலசினால் அகலத்தில் ஒன்றிரண்டு அங்குலம் குறையும். அதையும் முன்கூட்டியே கூட்டிவைத்துத்தான் அகலத்தைத் தீர்மானிக்க வேண்டும். கடைசியில் 28 அங்குலம் கேட்கிறவருக்குத் தறியில் 28 வைத்து நெய்தால் சரக்கு திரும்பி வரும்.

இப்போது இந்த 40 என்ற எண்ணைப் பாருங்கள். அடிக்கிற ஆள் அவசரப்பட்டு அங்குலத்துக்கு 36 ஊடையோடு நிறுத்திக்கொண்டால், ஒரு துண்டில் 240 ஊடை மிச்சம். வேலை பத்தில் ஒரு பங்கு குறைந்தது. நூல் ஐந்து கிராமுக்குக் கொஞ்சம் மேலே மிச்சம். கையில் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கஞ்சி விறைப்பில் துணி நன்றாகவே நிற்கும். இரண்டு தடவை துவைத்த பிறகு இழைகள் நகர்ந்து, சல்லடை மாதிரி ஆகும். நாங்கள் இதைப் பிடிக்க ஒரு வட்ட வெட்டி வைத்திருக்கிறோம். சரியாக 100 சதுர சென்டிமீட்டர் துணியை வட்டமாக வெட்டும். அதை எடைபோட்டு நூறால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று வந்துவிடும். மேலே சொன்ன துண்டு 101 கிராம் வர வேண்டும். 36 அடித்தது 96 காட்டும். அப்புறம் ஓர் அங்குலச் சதுரத்துக்கு மேல் வைக்கும் சின்ன லென்ஸ் இருக்கிறது. ஊசி முனையால் இழையைத் தள்ளித்தள்ளி எண்ண வேண்டும். அப்புச்சிக்கு வெட்டியும் இல்லை, லென்ஸும் இல்லை. கட்டைவிரல் நகத்தால் துணியின் மேல் ஒரு இழுப்பு இழுப்பார். இழை நகர்ந்தால் துணியைத் தூக்கி அந்தப்பக்கம் போட்டுவிடுவார்.

சாயத்தைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. அது தனித் தொழில், தனிப் பாவம். சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யலுக்குக் குறுக்கே இருக்கிற ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கி நின்ற கதை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் தெரியும். துணி பார்க்கிறவனுக்கு வேண்டியது ஒரே சோதனைதான். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து சாயநூலின் மேல் தேய்க்க வேண்டும். நிறம் ஒட்டினால் அந்த நூல் தறிக்கே போகக் கூடாது. சிவப்பும் கருநீலமும்தான் அடிக்கடி மாட்டுகிறவை. கழியை அலசுகிறவர் கடைசித் தண்ணீர் தெளிவாகும் வரை பொறுக்கவில்லை என்பதைத் தவிர பெரும்பாலும் வேறு காரணம் இருக்காது.

பாவுக்கு வருவோம். இங்கேதான் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

சேலத்திலும் ராசிபுரத்திலும் இன்னும் பல நெசவு ஊர்களிலும் பாவடி என்று ஓர் இடம் உண்டு. நீளமாகத் தெருவோ திடலோ இருக்கும். பாவை அங்கே கட்டி, இழுத்து, கஞ்சி போடுவார்கள். இப்போது பல ஊர்களில் அந்த இடத்தில் வண்டி நிற்கிறது, கட்சிக் கூட்டம் நடக்கிறது, பெயர் மட்டும் மிச்சம். கஞ்சி போட்டு (சைசிங்) முடித்த பாவு, பீம் என்கிற உருளையில் சுற்றியே வந்துவிடுகிறது. ஆனாலும் சின்ன அளவில் தெருவில் பாவு போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விடிவதற்கு முன்னால் ஆரம்பித்துவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் கஞ்சி பட்டதும் காய்ந்து, இழை குச்சி மாதிரி விறைத்து ஒடியும். மேகம் மூட்டமாக இருந்தால் காயாமல் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மழை வந்தால் அன்றைய பாவு போச்சு. அரிசிக் கஞ்சியோ மைதாப் பசையோ, அதில் கொஞ்சம் எண்ணெய். எண்ணெய் எவ்வளவு என்பது அன்றைய காற்றைப் பொறுத்தது.

கஞ்சி எதற்கு? பஞ்சு நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அதன் மேல் மெல்லிய ரோமம் நிற்பது தெரியும். ஓர் இழையின் ஒரு புள்ளி, பாவு இழைகளைத் தூக்கி இறக்கும் கண்ணிகளான விழுதைத் தாண்டித் துணியாக மாறுவதற்குள், அச்சு அதன் மேல் சில நூறு தடவை உரசிப் போய்வரும். ரோமம் நிமிர்ந்து நின்றால் பக்கத்து இழையோடு சிக்கும், சிக்கினால் அறும். கஞ்சி ரோமத்தைப் படியவைக்கிறது. அந்தப் படிமானத்துக்காகத்தான் பாவின் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, நீண்ட பிரஷ்ஷால் ஒரே திசையில், ஒரே அழுத்தத்தில், கைமாற்றாமல் வாரிக்கொண்டே போவார்கள். பக்கத்தில் இருக்கிற ஆளின் வேகத்துக்கு நம் கை ஒத்துப்போக வேண்டும். தனியாக எவ்வளவு திறமை இருந்தாலும் இந்த வேலைக்கு ஆகாது. பயிற்சி வகுப்புகளில் குழு வேலை என்று ஒரு பாடம் நடத்துகிறார்கள். அந்தப் பிள்ளைகளை ஒரு காலையில் பாவடிக்குக் கூட்டிப்போய் நிறுத்தினால் போதும் என்பது என் கட்சி.

பாவு தறிக்கு வந்ததும் அடுத்த வேலை பிணைப்பது. பழைய பாவு தீரும்போது அதன் நுனிகளை விழுதிலும் அச்சிலும் அப்படியே விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதனோடு முறுக்கிச் சேர்ப்பார்கள். நம் துண்டுக்கு 1,320 முறுக்கு. விரல் வழுக்காமல் இருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொள்வார்கள். பழைய இழை ஒன்று, புது இழை ஒன்று எடுத்து, இரண்டையும் சேர்த்து ஒரு திருகு திருகி, மடக்கி இன்னொரு திருகு. முடிச்சு இல்லை. முடிச்சுப் போட்டால் தடிப்பு அச்சுப் பல்லில் மாட்டும். பார்க்கிறவருக்கு விரல் சும்மா நடுங்குவது போல்தான் தெரியும். எங்கள் அம்மிச்சி, அம்மாவைப் பெற்ற பாட்டி, இதில் கெட்டிக்காரி. பேச்சைக் கேட்டுக்கொண்டே செய்வார், ஆனால் யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்ல மாட்டார். "நீ பேசு கண்ணு, நான் கேக்கறேன். என்னைய பேச வெக்காத" என்பார். இழை மாறிப் பிணைந்துவிட்டால் நிறப் பாவில் கோடு இடம் மாறும். ஒற்றை நிறத்தில், இரண்டு இழைகள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக விழுந்து, கொஞ்ச தூரம் ஓடியதும் அறும். தறியில் உட்காருகிறவர் ஒவ்வொரு முறையும் எழுந்துபோய் அதை அவிழ்க்க வேண்டியிருக்கும். அம்மிச்சியின் அரைநாள் வேலை சரியாக இருந்தால் அப்புச்சிக்கு அடுத்த பல நாட்கள் எழுந்திருக்க வேண்டியதில்லை. "பாவு நல்லா இருந்தா தறி தானா ஓடும்" என்று அப்புச்சியே சொல்வார். கூலி மட்டும் அவர் பேரில்தான் வரும்.

தார் சுற்றுவதும் இதே கணக்குதான். ஊடைநூலைச் சின்னக் குச்சியில் சுற்றி நாடாவுக்குள் வைக்க வேண்டும். ராட்டையைச் சுற்றுகிற கை ஒன்று, நூலை விடுகிற கை ஒன்று. வயதானவர்களும் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளும் செய்கிற வேலை என்பதால் அதை வேலையாகவே யாரும் எண்ணுவதில்லை. ஆனால் நூலைத் தளர்வாக விட்டுச் சுற்றிய தாரில் இருந்து நூல் சுருள் சுருளாகச் சரிந்து துணிக்குள் விழும். இறுக்கிச் சுற்றியதில் நாடா நடுவழியில் இழுபட்டு, துணியின் கரை உள்ளே வாங்கும். கரை நேராக இல்லாத துண்டைப் பார்த்ததும் நெய்தவரைத் திட்டுவோம். தார் சுற்றிய கையைத் தேடுவதில்லை. கெட்டியான துணி வேண்டும் என்றால் தாரைத் தண்ணீரில் ஊறவைத்து ஈரத்தோடு நெய்வதும் உண்டு. ஈர இழை நன்றாக நெருங்கி உட்காரும்.

இவ்வளவும் ஆன பிறகுதான் தறி.

காக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து, ஒரு மிதியை மிதித்தால் பாதிப் பாவு மேலே, பாதி கீழே. நடுவில் விழுகிற வழியில் நாடா ஓடும். வலது கை கயிற்றை வெடுக்கென்று இழுக்கும், இடது கை அச்சு பொருத்திய பலகையைத் தள்ளி வாங்கி அடிக்கும். இந்தக் கயிறு இழுக்கிற நாடா 1733-இல் இங்கிலாந்தில் ஜான் கே கண்டுபிடித்தது. அதற்கு முன்னால் கையால் நாடாவை எறிந்து மறுகையால் பிடிக்க வேண்டும். கை எட்டுகிற அகலம்தான் துணியின் அகலம். படுக்கை விரிப்பு போல அகலமான துணிக்கு இரண்டு ஆள் வேண்டும். கயிறு வந்ததும் ஒரே ஆள் உட்கார்ந்த இடத்தில் இருந்து அகலத் துணி நெய்ய முடிந்தது.

மிதிப்பது, இழுப்பது, அடிப்பது மூன்றும் கொஞ்ச வாரத்தில் யாருக்கும் வந்துவிடும். வராதது இரண்டு. ஒன்று, அடி. ஒவ்வொரு அடியும் ஒரே பலத்தில் விழ வேண்டும். காலையில் தெம்பாக அடிக்கிற கை சாயங்காலம் தளர்ந்தால், துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நேரம் தெரியும். சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததும் விழுகிற முதல் அடிதான் இன்னும் மோசம். தறி நின்ற நேரத்தில் இழுபட்டு நின்ற துணி கொஞ்சம் நகர்ந்திருக்கும். அங்கே ஒரு பட்டை விழும். அனுபவம் உள்ளவர்கள் எழுந்து போகும்போது பாவின் விறைப்பைத் தளர்த்திவிட்டுப் போவார்கள். வந்ததும் விறைப்பைச் சரிபார்த்து, முதல் நாலைந்து ஊடையை மெதுவாக அடித்துத்தான் வேகம் பிடிப்பார்கள்.

இரண்டாவது, நிறுத்துவது. இதை நான் எங்கே போனாலும் சொல்வேன். கைத்தறியில் பாவு இழை அறுந்தால் தறி தானாக நிற்காது. அறுந்த இழை பக்கத்து இழைகளின் மேல் படுத்துக்கொள்ளும், நாடா அதன்மேல் ஏறித் தாண்டும். அப்போது சத்தம் மாறும். டக்-டக் என்று போய்க்கொண்டிருந்தது ஒரு தடவை கொஞ்சம் மொட்டையாகக் கேட்கும். அந்த ஒரு சத்தத்தில் நிறுத்துகிறவர் நெசவாளர். நாலு அங்குலம் ஓடிய பிறகு பார்க்கிறவர், துணி ஓட்டுகிறவர். நிறுத்தி, அறுந்த இழையோடு ஒரு துண்டு நூலைச் சேர்த்து, விழுதில் அந்தக் கண்ணையும் அச்சில் அந்தப் பல்லையும் கண்டுபிடித்து இழுத்து, நெசவு முடிச்சுப் போட்டு, நுனியை ஒட்ட வெட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். முடிச்சு பல்லுக்குள் நுழைகிற அளவு சின்னதாக இருக்க வேண்டும், இழுத்தால் அவிழவும் கூடாது. இதற்குக் கண் வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் கண்ணாடி போடாமல் முடியாது. கண்ணாடி போட்டால் கிழடு என்று நினைப்பார்களோ என்று தள்ளிப்போட்ட தறிக்காரர்களின் துணியில் அந்த வருஷங்களை நம்மால் அடையாளம் காட்ட முடியும்.

சாதாத் துண்டை எதில் நெய்ய வேண்டும் என்பதற்குச் சட்டமே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1985-இல் கொண்டுவந்த சட்டப்படி சில ரகங்களைக் கைத்தறியில் மட்டும்தான் நெய்ய வேண்டும். முதலில் 22 ரகம் இருந்தது, இப்போது 11. சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, ஜமக்காளம், படுக்கை விரிப்பு எல்லாம் சில நிபந்தனைகளோடு அந்தப் பட்டியலில் உண்டு. கடைத்தெருவுக்குப் போய் ஒரு துண்டை எடுத்துப் பாருங்கள். அது எதில் நெய்தது என்று பெரும்பாலும் உங்களுக்கே தெரியும். விசைத்தறிக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களும் நம் பக்கத்து ஊர்க்காரர்கள், நேற்று வரை கைத்தறி ஓட்டியவர்கள். எனக்கு இருக்கும் வருத்தம் வேறு. விசைத்தறிக் கொட்டகையில் ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்கிறார். சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே கேட்காது. இழை அறுகிற சத்தம் எங்கே கேட்கப்போகிறது? காதுக்கு வேலை இல்லாமல் போய், பிறகு காதே போய்விடுகிறது.

அங்கிருந்து எங்கள் யூனிட்டுக்கு. துணி ரோல் வந்ததும் விளக்குப் பலகையில் ஓட்டிப் புள்ளி போடுவோம். குறை மூன்று அங்குலத்துக்குள் என்றால் ஒரு புள்ளி, ஆறு வரை இரண்டு, ஒன்பது வரை மூன்று, அதற்கு மேல் நான்கு. ஓட்டை ஓர் அங்குலத்துக்குள் இருந்தால் இரண்டு, மேலே போனால் நான்கு. 100 சதுர கஜத்துக்கு 40 புள்ளிக்கு மேல் போனால் வாங்குகிறவர்கள் பொதுவாக ஏற்க மாட்டார்கள். இந்த முறையில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நாற்பது சின்னக் குறைக்கும் பத்துப் பெரிய குறைக்கும் ஒரே புள்ளிதான். துண்டாக வெட்டும்போது இரண்டும் ஒன்றில்லை. பத்துக் குறை பத்துத் துண்டைத்தான் கெடுக்கும். நாற்பது குறை பரவிக் கிடந்தால் நாற்பது துண்டைக் கெடுக்கும். அதனால் புள்ளியை எழுதிவிட்டு, பக்கத்திலேயே எத்தனை துண்டு தேறும் என்றும் பென்சிலில் எழுதிவைப்பேன். படிவத்தில் அதற்கு இடம் கிடையாது.

வெட்டுவதிலும் ஒரு நுணுக்கம். சாதாத் துண்டைக் கத்தரிக்கோலால் கண்மதிப்பில் வெட்டினால் துவைத்ததும் கோணும். குறுக்கே ஓர் ஊடை இழையை உருவி எடுத்துவிட்டால், அந்த இடத்தில் நேராக ஒரு கோடு தெரியும். அதன்மேல் வெட்ட வேண்டும். கைத்தறியில் துண்டுக்குத் துண்டு கொஞ்சம் பாவை நெய்யாமல் விட்டே போவார்கள். அதை நடுவில் வெட்டி முறுக்கினால் குஞ்சம். தையல் இல்லை, செலவும் இல்லை. ஏற்றுமதிக்குப் போவதை மடித்துத் தைக்க வேண்டும். மூலையில் பல மடிப்புத் துணி ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்து ஊசியை ஒடிக்கும். எனவே மூலையைச் சாய்வாக மடித்து உள்ளே தள்ளக் கற்றுக்கொடுப்போம். ஊசி ஒடிந்தால் வேலை நிற்கும். ஒடிந்த எல்லாத் துணுக்கும் கிடைத்து, தாளில் ஒட்டி, பதிவேட்டில் எழுதின பிறகுதான் புது ஊசி. சமையலறைத் துண்டுக்குள் ஊசித் துணுக்கு போனால் என்ன ஆகும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தையலுக்கு வருகிறவர்களுக்கு முதலில் துணியே கொடுப்பதில்லை. நூல் கோக்காத மெஷினில், தாளில் அச்சடித்த கோடுகளின் மேல் ஊசி ஓட்டச் சொல்வோம். நேர்க்கோடு, பிறகு சதுரத்தின் மூலை, பிறகு வளைவு, கடைசியில் நத்தைச் சுருள். துளை கோட்டின்மேல் விழுந்திருக்கிறதா என்று தாளைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கத்தில் இருந்து வருகிற பிள்ளைகளுக்கு எங்கள் தமிழும் எங்களுக்கு அவர்கள் பேச்சும் விளங்காது. தாள் மட்டும் எல்லோருக்கும் விளங்கும். அங்கே முதலில் பழக வேண்டியது கால். மெஷினின் மிதியைக் கொஞ்சமாக அழுத்தி, மூலை வந்ததும் சரியான இடத்தில் விட்டுவிடுவது. இதுவும் நிறுத்துகிற வேலைதான்.

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 35 லட்சத்துக்கு மேல் கைத்தறித் தொழிலாளர்கள் என்று வந்தது. நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் பெண்கள். பாவு பிணைக்கிறவரும் தார் சுற்றுகிறவரும் இந்த எண்ணிக்கையில் எல்லா இடத்திலும் முழுதாக வந்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. கேட்டால் அவர்களே "நான் வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்றுதான் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் நான் பார்த்தவரை துண்டுக்கு இவ்வளவு என்றுதான் கூலி பேசுவார்கள். அந்த ஒரு எண்ணுக்குள் ராட்டை, பிணைப்பு, அறுந்த இழைக்கு எழுந்துபோன நேரம் எல்லாம் சேர்ந்துகிடக்கும். அதில் எதையும் பிரித்துப் பார்த்து ஏற்றிக் கேட்க முடியாது. திறமை என்று நாம் மேடையில் பாராட்டுவது நாடா ஓடுகிற அந்தக் கடைசி வேலையைத்தான்.

எங்கள் யூனிட்டிலும் இதேதான், வடிவம் வேறு. லைனுக்கு முன்னால் ஒரு போர்டு தொங்கும். மணிக்கு எத்தனை பீஸ் என்று எழுதுவார்கள். நாப்கின் லைனில் ஒரு ஒடிசாப் பெண். மடிப்புக் கொஞ்சம் விலகினாலும் மெஷினை நிறுத்தி, பிரித்து, மறுபடி மடித்துத் தைக்கும். அதன் எண்ணிக்கை எப்போதும் கீழேதான். சூப்பர்வைசர் திட்டுவார். நான் சோதிக்கிற மேசையில் அந்தப் பெண் தைத்த நாப்கின் கட்டிலிருந்து திருப்பி அனுப்புவதற்கு ஒன்றும் இருக்காது. போர்டில் முதலிடத்தில் இருக்கிறவரின் கட்டில் இருந்து பை நிறையத் திரும்பும். அதைப் பிரித்துத் தைக்க இன்னொரு ஆளுக்குத் தனிக் கூலி. அந்தச் செலவு போர்டில் ஏறாது.

இதை ஒரு மாதத்துக்குக் கணக்குப் போட்டு, மேலாளரிடம் கொண்டுபோய் வைத்தேன். திரும்பி வருகிற பீஸைத் தைத்தவரின் எண்ணிக்கையில் கழித்து எழுத வேண்டும், குறை பார்த்து நிறுத்தின நேரத்தைக் கழிக்கக் கூடாது என்று கேட்டேன். அவர் கால்குலேட்டரை எடுத்து எல்லாவற்றையும் திரும்பப் போட்டுப் பார்த்தார். நாப்கின் லைனில் மட்டும் செய்து பார்க்கலாம் என்றிருக்கிறார். மற்ற லைன்களைப் பற்றி, கிறிஸ்துமஸ் ஆர்டர் கப்பல் ஏறட்டும், பிறகு பேசலாம் என்கிறார்.